1070: அதிராஜேந்திரன் பிழைத்திருந்தால்?

1070-ஆம் ஆண்டின் முதல் ஆறு மாதத்துக்குள் சோழநாடு மூன்று அரசர்களைப் பார்த்துவிட்டது. வீரராஜேந்திரன் இறந்தான். அவன் மகன் அதிராஜேந்திரன் அரியணையில் சில வாரங்களே இருந்தான்; ஒரு கலகத்தில் உயிர் போயிற்று. அப்புறம் வேங்கி (இன்றைய ஆந்திரக் கடற்கரைப் பகுதி) கிளையைச் சேர்ந்த இராஜேந்திரன் முடிசூடினான். பின்னாளில் முதலாம் குலோத்துங்கன் என்று நாம் அறியும் அரசன் அவன்தான். கல்வெட்டுகளில் உள்ள நாள், நட்சத்திரக் குறிப்புகளைக் கொண்டு அவன் ஆட்சி தொடங்கிய நாளை 1070 ஜூன் 9 என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதன்பின் ஏறக்குறைய அரை நூற்றாண்டு அவன் ஆட்சிதான்.

பினாங்கில் நாங்கள் கூடும் வரலாற்று வாசிப்பு வட்டத்தில் இந்த அரியணை மாற்றத்தை எடுத்துக்கொண்டு, 'இது இப்படி நடக்காமல் இருந்திருந்தால்?' என்று முறையாகக் கேட்டுப் பார்த்தோம். ஓய்வுபெற்ற இடைநிலைப்பள்ளி ஆசிரியர்கள், சட்டம் படிக்கும் ஒரு மாணவி, துறைமுகத்தில் வேலை செய்யும் இரண்டு மூன்று பேர், நான். ஞாயிற்றுக்கிழமை பசியாறிவிட்டு உட்கார்ந்தால் மதியம்வரை பேச்சு ஓடும். எங்களுக்கு இந்த விஷயம் வெறும் பழங்கதை இல்லை. பட்டர்வொர்த்திலிருந்து வடக்கே ஒரு மணி நேரம் காரில் போனால் மெர்போக், பூஜாங் பள்ளத்தாக்கு. சோழர் கல்வெட்டுகள் கடாரம் என்று சொல்லும் கெடா அதுதான். இந்த அரியணையில் யார் உட்கார்ந்தார்கள் என்பது கடலுக்கு இந்தப் பக்கமும் கவனிக்கப்பட்ட செய்தி.

'நடந்திருந்தால்' என்று கேட்பது வீண்வேலை என்று வட்டத்திலேயே சிலர் சொன்னார்கள். நான் அதை ஏற்கவில்லை. ஒரு நிகழ்வுக்கு ஒரு காரணத்தைச் சொல்லும்போதே, அந்தக் காரணம் இல்லாவிட்டால் நிகழ்வும் இருந்திருக்காது என்று நாம் சொல்லாமல் சொல்கிறோம். மாரத்தான் போரை உதாரணமாக வைத்து மாக்ஸ் வேபர் 1906-இல் இதைத் தெளிவாக எழுதினார். அந்தப் போரில் பாரசீகர் வென்றிருக்கக் கூடும் என்று எண்ணிப் பார்க்காமல், கிரேக்கர் வென்றதற்கு என்ன முக்கியத்துவம் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே கற்பனை ஏற்கெனவே நம் வாதத்துக்குள் இருக்கிறது. அதை வெளியே எடுத்து வெளிச்சத்தில் வைப்பதுதான் வேலை.

ஆனால் கட்டுப்பாடு வேண்டும். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்ற வேண்டும். அந்த மாற்றம் அக்காலத்து ஆட்களே நடக்கலாம் என்று எதிர்பார்த்ததாக இருக்க வேண்டும்; அதற்குக் கல்வெட்டோ செப்பேடோ இலக்கியமோ சாட்சி வேண்டும். மாற்றிய இடத்திலிருந்து ரொம்ப தூரம் போகக் கூடாது. ஐந்து வருடம் வரை ஓரளவு சொல்லலாம், ஐம்பது வருடம் என்றால் அது நாவல். கடைசியாக, கற்பனையில் கிடைத்ததை வைத்துக்கொண்டு மீண்டும் சான்றுகளிடம் வர வேண்டும். இதுவரை கேட்காத எதை இப்போது கேட்கத் தோன்றுகிறது என்று பார்க்க வேண்டும்.

முதலில் எல்லோரும் கேட்டது முதலாம் இராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலனைத்தான். யாருக்குத்தான் அந்த ஆசை இருக்காது? ஆனால் அவன் விஷயத்தில் நம் கையில் இருப்பது மிகக் குறைவு. காட்டுமன்னார்கோயில் உடையார்குடிக் கல்வெட்டு, அவனைக் கொன்று துரோகிகளான ரவிதாசன் முதலியோரின் உடைமைகளைப் பறிமுதல் செய்தது பற்றிச் சொல்கிறது. கொலைக்குப் பின் உத்தம சோழன் ஆண்டு முடித்து, இராஜராஜன் பட்டத்துக்கு வந்த இரண்டாம் ஆண்டில் வெட்டியது. கொலை ஏன் நடந்தது, யார் தூண்டினார்கள் என்பதற்கு எதிரெதிர்ப் பக்கத்துச் சாட்சிகள் கிடையாது. அப்படிப்பட்ட இடத்தில் 'பிழைத்திருந்தால்' என்று ஆரம்பித்தால் நம் விருப்பம்தான் விடையாக வரும். 1070 அப்படி இல்லை. அங்கே ஒருவருக்கொருவர் பகையான இரண்டு அரண்மனைகளின் குரல் கிடைக்கிறது.

ஒன்று காஷ்மீரத்திலிருந்து வந்து கல்யாணியில் சாளுக்கியன் ஆறாம் விக்ரமாதித்தன் அவையில் புலவனாக இருந்த பில்ஹணன். விக்ரமாதித்தன் வீரராஜேந்திரனின் மருமகன், ஆகவே அதிராஜேந்திரனின் மைத்துனன். மாமனார் இறந்தார், சோழநாட்டில் குழப்பம் என்று கேள்விப்பட்டு அவன் காஞ்சிக்கு வருகிறான், கலகக்காரரை அடக்குகிறான், கங்கைகொண்ட சோழபுரம் போய் மைத்துனனை அரியணையில் அமர்த்துகிறான், ஏறக்குறைய ஒரு மாதம் இருந்துவிட்டுத் துங்கபத்திரைக்குத் திரும்புகிறான். திரும்பிய சில நாளிலேயே செய்தி வருகிறது: புதிய கலகத்தில் மைத்துனன் இறந்தான், வேங்கிக்குரிய ராஜிகன் அரியணையைப் பிடித்துக்கொண்டான். ராஜிகன் என்பது நம் குலோத்துங்கன்.

இன்னொன்று ஜெயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணி. அதில் அபயன், அதாவது குலோத்துங்கன், இளவரசனாக வடதிசைப் போருக்குப் போயிருக்கிறான். அந்த நேரத்தில் ஆண்ட மன்னன் இறக்கிறான். 'மறையவர் வேள்வி குன்றி மனுநெறி அனைத்தும் மாறி' என்று தொடங்கிக் கவிஞர் நாட்டின் சீர்குலைவை அடுக்கிக்கொண்டே போகிறார். சாதிகள் தலைதடுமாறின, கோயில்கள் சோம்பின, அரண்கள் அழிந்தன. பிறகு அபயன் வந்து எல்லாவற்றையும் சரிசெய்கிறான். அதிராஜேந்திரன் என்ற பெயரே பரணியில் கிடையாது.

இரண்டு புலவரும் தத்தம் அரசனுக்காகப் பாடியவர்கள். அப்படியிருந்தும், நாடு அரசனின் கைக்குள் இல்லை என்ற ஒரு விஷயத்தில் இருவரும் ஒத்துப்போகிறார்கள். பகைவர் இருவர் ஒரே செய்தியைச் சொன்னால் அதை எடுத்துக்கொள்ளலாம்.

சரி, இப்போது சோதனை. அதிராஜேந்திரன் அந்தக் கலகத்தில் தப்பித்திருந்தால்? மிகச் சிறிய மாற்றம், சில வாரங்களில் ஒரு உயிர். இதைத்தான் முதலில் செய்தோம். இதில்தான் எங்களுக்குப் பெரிய ஏமாற்றம். பில்ஹணன் சொல்வதை அப்படியே எடுத்துக்கொண்டாலும், கலகம் ஏற்கெனவே ஒருமுறை நடந்து வெளிநாட்டுப் படையால் அடக்கப்பட்டது. படை ஊர் திரும்பியதும் மறுபடி வெடித்தது. தப்பித்த அதிராஜேந்திரன் மூன்றாவது கலகத்துக்குத்தான் காத்திருப்பான். அப்படியானால் விக்ரமாதித்தன் இன்னும் சில மாதம் தங்கியிருந்தால்? அவனால் தங்க முடியாது. 1068-இல் அவன் தகப்பன் முதலாம் சோமேசுவரன் துங்கபத்திரையில் மூழ்கி உயிர்விட்ட பிறகு, கல்யாணியில் அண்ணன் இரண்டாம் சோமேசுவரன் அரியணையில் இருக்கிறான். அண்ணன் தம்பிக்குள் பகை. 1076-இல் அது அண்ணனின் அரியணையையே தம்பி பறிப்பதில் போய் முடிந்தது. கல்யாணியை விட்டுவிட்டுக் காவிரிக் கரையில் மைத்துனனுக்குக் காவல் இருக்கும் நிலையில் அவன் இல்லை.

ஆக, 'அதிராஜேந்திரன் இறந்ததால் குலோத்துங்கன் வந்தான்' என்று பாடப்புத்தகம் போல் சொல்வது போதாது. அவன் இறக்காவிட்டாலும் அரியணை ஆடிக்கொண்டுதான் இருந்திருக்கும். மரணம் நாளைத் தீர்மானித்தது. காரணம் வேறெங்கோ இருக்கிறது.

இந்த இடத்தில் வேறொரு விளக்கம் உடனே நுழையும். சமூக ஊடகத்தில் தினமும் பார்க்கிறோம்: தெலுங்கு இளவரசன் தமிழ் அரியணையைப் பறித்தான். பரம்பரையைப் பாருங்கள். முதலாம் இராஜராஜனின் மகள் குந்தவை வேங்கி விமலாதித்தனை மணந்தாள். அவர்கள் மகன் இராஜராஜ நரேந்திரன், முதலாம் இராஜேந்திரனின் மகள் அம்மங்கையை மணந்தான். அவர்கள் மகன் நம் குலோத்துங்கன். அவன் மணந்தது இரண்டாம் இராஜேந்திரனின் மகள் மதுராந்தகியை. பாட்டி, அம்மா, மனைவி மூவரும் சோழ அரண்மனைப் பெண்கள். அவனைத் திட்ட எல்லாக் காரணமும் இருந்த பில்ஹணன்கூட அவன் மொழியைப் பேச்சில் எடுக்கவில்லை. குலோத்துங்கனின் மெய்க்கீர்த்தியோ (கல்வெட்டின் தொடக்கத்தில் வரும் அரசன் புகழுரை), தென்திசைத் திருமகளின் பொதுமையையும் பொன்னி நாட்டு நிலமகளின் தனிமையையும் தவிர்த்து, திருமணி மகுடத்தை 'உரிமையிற் சூடி' என்கிறது. வென்று எடுத்தேன் என்று பெருமை பேசும் குலத்தில் பிறந்தவன் இந்த இடத்தில் மட்டும் உரிமையைப் பேசுகிறான். எந்த உரிமை?

அந்தக் கேள்வியோடு இன்னும் கொஞ்சம் பின்னால் போனோம். வேங்கியைத் தொட்டு ஒரு மாற்றம்: 1061-இல் இராஜராஜ நரேந்திரன் இறந்தபோது வேங்கி, மகனுக்குப் போகாமல் சிற்றப்பன் ஏழாம் விஜயாதித்தனிடம் போயிற்று. அது மகனுக்கே கிடைத்திருந்தால்? அவன் வேங்கியோடு திருப்தி அடைந்திருப்பான் என்றும் சொல்லலாம், வேங்கிப் படையோடு இன்னும் பலமாகத் தெற்கே வந்திருப்பான் என்றும் சொல்லலாம். இரண்டுக்கும் சமமான நியாயம் இருக்கிறது. குலோத்துங்கன் வேங்கியில் முதலில் முடிசூடிப் பிறகு சோழநாட்டுக்குப் போனான், சிற்றப்பனுக்கு வேங்கியை அவனே விட்டுக்கொடுத்தான் என்று அவன் மகன் வீரசோடன் காலத்துச் செப்பேடு கதையை வேறுவிதமாகச் சொல்கிறது. இருபுறமும் வெட்டும் கேள்வியால் பயன் இல்லை, விட்டுவிட்டோம். திருமணங்களே நடக்காதிருந்தால் என்ற கேள்வியையும் தள்ளினோம். அதை மாற்றினால் ஆளே பிறக்கமாட்டான்.

அடுத்தது இராஜமகேந்திரன். எனக்குப் பிடிபட்டவரை இந்த ஆய்வின் உயிர் இங்கேதான் இருக்கிறது, அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் அடுத்த சுல்தான் யார் என்பது இன்றே தெரியும்: ராஜா மூடா. அவருக்கு அடுத்தவர் ராஜா டி ஹிலிர். இப்படி முன்கூட்டியே அறிவிக்கும் பழக்கம் சோழரிடமும் இருந்தது. அப்பன் உயிரோடிருக்கும்போதே மகனுக்கு இளவரசுப் பட்டம்; அன்று முதல் அவன் ஆட்சியாண்டு எண்ணப்படும். முதலாம் இராஜேந்திரனுக்கு 1012-இல், அவன் மகன் இராஜாதிராஜனுக்கு 1018-இல் அப்படி நடந்தது. இராஜாதிராஜன் 26 ஆண்டு அப்பனோடு சேர்ந்தே ஆண்டான். 1044-இல் அப்பன் இறந்தபோது அரியணைக்கு யார் என்ற கேள்வியே எழவில்லை. 1054-இல் கொப்பம் போரில் அவன் யானைமேல் துஞ்சினான். தம்பி இரண்டாம் இராஜேந்திரன் போர்க்களத்திலேயே முடிசூடிக்கொண்டான். அன்றிலிருந்து அரியணை அண்ணனிடமிருந்து தம்பிக்குப் போகும் பழக்கம் உள்ளே வந்துவிட்டது.

இரண்டாம் இராஜேந்திரன் அதை மறுபடி பழைய வழிக்குத் திருப்பப் பார்த்தான். தன் மகன் இராஜமகேந்திரனுக்கு இளவரசுப் பட்டம் கட்டினான். முடக்காற்றுக் கரையில் ஆகவமல்லனை, அதாவது முதலாம் சோமேசுவரனை, புறங்காட்ட வைத்தவன் என்று கல்வெட்டு பேசும் இளவரசன், களம் கண்டவன். ஆனால் அப்பனுக்கு முன்பே அவன் போய்ச் சேர்ந்தான். 1063-இல் அரியணை தம்பி வீரராஜேந்திரனுக்குப் போயிற்று.

சட்டம் படிக்கும் அந்த மாணவி இங்கேதான் கையைத் தூக்கினாள். "சார், ஒரு நிமிஷம். இரண்டாம் இராஜேந்திரனுக்கு வேற பிள்ளைங்களே இல்லையா?"

"இருந்தாங்களேம்மா," என்றார் எங்கள் மூத்த ஆசிரியர். "மணிமங்கலம் கல்வெட்டை எடு."

இரண்டாம் இராஜேந்திரனின் நான்காம் ஆட்சியாண்டில் வெட்டிய கல்வெட்டு. சொந்தக்காரர் 13 பேருக்குப் பட்டம் கொடுத்துப் பெயரோடு வரிசைப்படுத்தியிருக்கிறது: சிறிய தந்தை ஒருவர், தம்பிகள் நால்வர், மகன்கள் அறுவர், பேரன்கள் இருவர். சோழபாண்டியன், சோழகங்கன் என்று நாடுகளின் பெயரைத் தாங்கிய பட்டங்கள். அரண்மனை முழுக்க ஆண்வாரிசு.

"அப்போ 'சோழர் நேர்வாரிசு அற்றுப்போச்சு, அதனால மகள் வயிற்றுப் பேரன் வந்தான்'னு எழுதுறாங்களே, அது எப்படி சார் சரியாகும்? பதினஞ்சு வருஷத்துல இத்தனை பேரும் செத்துட்டாங்களா?"

மூத்தவர் பதில் சொல்லவில்லை. மறுவாரம் முழுப் பட்டியலையும் பெரிய தாளில் எழுதிக்கொண்டு வந்தார்.

இப்போது மாற்றிப் பாருங்கள். இராஜமகேந்திரன் உயிரோடிருந்தால் 1063-இல் அவன்தான் அரசன். கற்பனைக்கு இங்கே அதிக வேலை இல்லை. அக்காலத்தவர் அதிகாரபூர்வமாக எதிர்பார்த்ததே அதுதான். வீரராஜேந்திரன் அரசனின் சித்தப்பன், அவ்வளவே. அதிராஜேந்திரனுக்கு அரியணை கனவில்கூட இல்லை. குலோத்துங்கன்? அரசனின் அக்கா அல்லது தங்கை கணவன். தகப்பனும் பாட்டனும் இருந்தது போல வேங்கியில் இருந்துகொண்டு சோழருக்குத் துணையாகப் போர் செய்திருப்பான். கங்கைகொண்ட சோழபுரத்தில் அவனைத் தேடியிருக்கவேண்டிய தேவை யாருக்கும் இல்லை.

இதிலிருந்து திரும்பி வந்தால் 1070 வேறு முகம் காட்டுகிறது. 1063-இல் இரண்டாம் இராஜேந்திரனின் வீடு ஒதுங்கிப் போனது, தம்பியின் வீடு மேலே வந்தது. ஏழு வருடம் கழித்துத் தம்பி இறந்ததும் அவன் மகனுக்கு எதிராகக் கலகம். அந்தக் கலகத்தின் முடிவில் அரியணை ஏறியவன் யார்? ஒதுங்கிப்போன வீட்டின் மாப்பிள்ளை. குலோத்துங்கனின் உரிமைப் பேச்சுக்கு, அம்மா வழி, பாட்டி வழி என்று நாம் சொல்லும் காரணங்களோடு, மனைவி மதுராந்தகி வழியையும் சேர்க்க வேண்டும். மைத்துனர்கள் சித்தப்பன் மகனைவிடச் சகோதரியின் கணவனே மேல் என்று நினைத்திருந்தால், 1070 என்பது வேங்கிக்கும் சோழநாட்டுக்கும் நடந்த சண்டை இல்லை. ஒரே தகப்பனின் இரண்டு பிள்ளைகளுடைய வீடுகளுக்குள் நடந்தது. இது என் கருத்து, நிரூபணம் ஆகவில்லை. ஆனால் தெலுங்கு, தமிழ் என்று பிரித்துப் பேசுவதைவிட இது கையிலிருக்கும் சான்றோடு அதிகம் பொருந்துகிறது.

படைபலத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதிராஜேந்திரனுக்கு மூன்றாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. தனியாக ஆண்டது சில வாரங்கள்தான். அப்படியானால் அவனும் முறைப்படி இளவரசுப் பட்டம் பெற்றவன். பட்டம் சரியாகத்தான் கட்டினார்கள். ஆனால் அவனுக்காக நின்ற படை மைத்துனனுடையது. குலோத்துங்கனோ இளவரசனாயிருந்தபோதே வயிராகரத்தில் யானைகளைப் பிடித்ததையும் சக்கரக்கோட்டத்துத் தாராவர்ஷனிடம் திறை கொண்டதையும் மெய்க்கீர்த்தியில் சொல்கிறான். அவனோடு களத்தில் நின்ற சொந்தப் படை இருந்தது. 26 ஆண்டு கூட ஆண்ட இராஜாதிராஜனையும் இந்தப் பிள்ளையையும் ஒரே 'இளவரசு' என்ற சொல்லால் நாம் அழைக்கிறோம். இருவர் கையிலும் இருந்த பலம் ஒன்றல்ல.

ஈழத்தைப் பற்றியும் கேள்வி வந்தது. 1070 குழப்பம் இல்லாதிருந்தால் பொலன்னறுவை சோழரிடமே இருந்திருக்குமா? சிங்கள அரசன் முதலாம் விஜயபாகுவின் போராட்டம் வீரராஜேந்திரன் காலத்திலேயே மும்முரமாகிவிட்டது. குழப்பம் அவனுக்கு வழியை எளிதாக்கியது என்பதற்கு மேல் சொல்ல முடியாது.

கடாரம்தான் எனக்கு ஆச்சரியம் தந்தது. துறைமுகத்தில் வேலை செய்யும் நண்பர் கேட்டார்: "அண்ணே, அங்க ராஜா மாறினா இங்க கப்பல் நிக்குமா?" வரிசையாக வைத்துப் பாருங்கள். 1006-இல் முதலாம் இராஜராஜன், கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூளாமணிவர்ம விகாரத்துக்கு ஆனைமங்கலம் ஊரைக் கொடுக்கிறான். 1025-இல் அவன் மகன் கடாரத்தின்மேல் படையெடுக்கிறான். வீரராஜேந்திரன் தன் ஏழாம் ஆட்சியாண்டில், உதவி கேட்டு வந்த அரசனுக்காகக் கடாரத்தை வென்று அவனுக்கே கொடுத்ததாகச் சொல்கிறான். 1070-இல் அரியணை கிளை மாறுகிறது. 1090-இல் கடாரத்து அரசனின் தூதர்கள் இராஜவித்யாதர சாமந்தனும் அபிமானோத்துங்க சாமந்தனும் குலோத்துங்கனிடம் வந்து, விகாரத்துக்குரிய ஊர்களின் வரிச்சலுகை பற்றி விண்ணப்பிக்கிறார்கள். அவனும் செப்பேடு எழுதிக் கொடுக்கிறான். படையெடுப்பையும் அரியணை மாற்றத்தையும் தாண்டி அந்த விகாரத்தின் கணக்கு 84 ஆண்டுக்குப் பிறகும் உயிரோடு இருக்கிறது. அதிராஜேந்திரன் பிழைத்திருந்தால் அந்தத் தூதர்கள் அவனிடம் வந்திருப்பார்கள். விண்ணப்பம் அதேதான். அரண்மனைக்கு உலகமே புரண்ட ஆண்டு, நாகப்பட்டினத்துப் பிக்குவுக்கு அப்படி இல்லை. அரியணை வரலாறு எழுதுவோர் இதையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

இப்போது மிச்சமிருப்பது அந்த 13 பேர். குலோத்துங்கனின் முதல் பத்து ஆண்டுக் கல்வெட்டுகளில் மணிமங்கலத்துப் பட்டங்களைத் தாங்கியவர் யாராவது தானம் கொடுத்தவராக, அதிகாரியாக, சாட்சியாக வருகிறாரா என்று ஆசிரியரும் மாணவியும் பதிப்பித்த தொகுதிகளை வரிவரியாகப் பார்த்துவருகிறார்கள். சோழகங்கன் போன்ற பட்டம் பலருக்கும் உண்டு. ஆகவே பட்டம் மட்டும் ஒத்துப்போனால் போதாது, உறவும் ஊரும் சேர்ந்து வர வேண்டும். அப்படி ஒருவர் வந்தால் மாப்பிள்ளைக் கருத்துக்குக் கால் கிடைக்கும். யாருமே வராமல், அந்த வீட்டார் 1063-க்கும் 1070-க்கும் இடையிலேயே கல்வெட்டுகளிலிருந்து மறைந்துவிட்டார்கள் என்று தெரிந்தால், வீரராஜேந்திரன் அண்ணன் பிள்ளைகளை என்ன செய்தான் என்பதுதான் அடுத்த கேள்வி.